எழுத மாட்டேன் என்ற கிராணி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கிராணி கையில் இருந்த பேனாவின் பலத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பிரட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். செக்ரோலில் அரை நாள் என்று விழுந்து விட்டால், விடியுமுன் எழுந்து போய் வெட்டிய முழு நிரையும் அரை நாள்தான். பால் நிறுக்கிற இடத்தில் தராசு என்ன காட்டினாலும், கணக்கில் என்ன ஏறுகிறதோ அதுதான் பேச்சு. கத்தி பிடித்த கை நூறு இருக்கும். பேனா பிடித்த கை ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்று சாய்கிற பக்கம் லயமே சாயும்.

அப்படிப் பேனா பிடித்த ஒரு கிராணியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். நம்ம பக்கத்துக் கிராணி இல்லை. அமெரிக்காவில், நியூஜெர்சி என்ற இடத்தில், மவுண்ட் ஹாலி என்ற சிற்றூரில் கடைக் கணக்கு எழுதியவர். பெயர் ஜான் உல்மன். பிறந்த வருடம் 1720. அப்போது அமெரிக்கா தனி நாடு ஆகவில்லை. ஆங்கிலேயர் குடியேறிய பகுதியாக இருந்தது. வீட்டு வேலைக்கும் காட்டு வேலைக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த கறுப்பின மக்களை ஆடு மாடு போல வாங்கினார்கள், விற்றார்கள்.

'கிறிஸ்துவரைப் பற்றிய சங்கதி நமக்கு எதுக்குங்க?' என்று கேட்கிற அண்ணன்மார்கள் இருப்பீர்கள். ஒரே தோட்டத்தில் மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொண்டு வாழ்ந்தவர்கள் நாம். தீமிதிக்கு அந்தோணி அண்ணன் தண்ணீர் ஊற்றுவார், கிறிஸ்துமஸ் பலகாரம் எல்லா வீட்டுக்கும் வரும். சாமி எந்தச் சாமி என்பது இங்கே கேள்வி இல்லை. கும்பிட்டு விட்டு வெளியே வந்த மனிதன், வேலை செய்கிற இடத்தில் என்ன செய்தான் என்பதுதான் கேள்வி. நெற்றி நிறையப் பட்டை போட்டுக் கொண்டு தராசில் கை வைத்தவர்களையும் பார்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் முழங்காலிட்டு விட்டு, திங்கட்கிழமை லயத்துப் பிள்ளைகளை வாய்க்கு வந்தபடி ஏசியவர்களையும் பார்த்திருக்கிறோம்.

உல்மன் சேர்ந்திருந்தது குவேக்கர் என்கிற கிறிஸ்துவப் பிரிவு. அவர்கள் ஜெபக் கூடத்தில் பாதிரியார் கிடையாது, பாட்டும் கிடையாது. எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளே ஓர் உந்தல் வந்தால் எழுந்து நாலு வார்த்தை சொல்வார்கள். எளிமையாக உடுத்த வேண்டும், பொய் சொல்லக் கூடாது, சண்டைக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. இவ்வளவு நல்லவர்களும் வீட்டில் அடிமை வைத்திருந்தார்கள். அதைத் தப்பு என்று அவர்களில் பெரும்பாலோர் நினைக்கவே இல்லை. ஊரில் எல்லாரும் செய்கிற காரியம் யார் கண்ணுக்குத் தப்பாகத் தெரியும்?

உல்மன் இருபது வயதைக் கடந்த இளைஞர். வருடக் கூலிக்கு ஒரு கடையில் கணக்கு எழுதி வந்தார். 1742-ஐ ஒட்டி ஒரு நாள், முதலாளி தன்னிடம் இருந்த ஓர் அடிமைப் பெண்ணை விற்று விட்டார். வாங்கியவர் வாசலில் நிற்கிறார். 'விற்பனைச் சீட்டு எழுது' என்று முதலாளி சொல்கிறார். பையனுக்கு உள்ளே குடைகிறது. ஆனால் என்ன செய்வது? கூலிக்கு இருக்கிறோம். சொல்வது முதலாளி. வாங்குகிறவரோ வயதானவர், அதுவும் நம்ம சபைக்காரர். இப்படியெல்லாம் யோசித்து எழுதிக் கொடுத்து விட்டார். கொடுத்த கையோடு, முதலாளி முன்னாலும் வாங்கியவர் முன்னாலும், 'அடிமை வைப்பது கிறிஸ்துவ மார்க்கத்துக்குப் பொருந்தாத காரியம் என்று நினைக்கிறேன்' என்று சொல்லியும் விட்டார்.

சொன்னதால் பாரம் இறங்கியதா? கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். எழுதியது எழுதியதுதானே. 'இதை என்னால் எழுத முடியாது, மன்னித்து விடுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாமே' என்று வெகு காலம் நினைத்து நினைத்து வருந்தினார். இதையெல்லாம் அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். விற்கப்பட்ட பெண்ணின் பெயரை மட்டும் எழுதவில்லை. அந்தக் காலத்து நல்லவர்களிடமும் இந்தக் குறை இருந்தது.

அதற்குப் பிறகு இன்னொரு இளைஞர், சபைக்காரர்தான், ஓர் அடிமைக்குப் பத்திரம் எழுதித் தரச் சொல்லி வந்தார். இந்தத் தடவை உல்மன் எழுதவில்லை. சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை, 'என் மனசு ஒப்பவில்லை' என்று அன்பாகச் சொன்னார். வந்தவரும், 'எனக்குமே இது முழுக்கச் சரியாகப் படவில்லைதான். என் மனைவிக்கு இனாமாக வந்த அடிமை, அதனால் வைத்திருக்கிறேன்' என்று ஒப்புக் கொண்டாராம். பாருங்கள், எத்தனை பேர் மனதில் இது முள்ளாக இருந்திருக்கிறது! யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

உல்மனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். உயில் எழுதத் தெரியும். ஊரார் அவரைத் தேடி வருவார்கள். அதில் ஒரு வருமானமும் உண்டு. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் உடம்பில் பலத்த அடிபட்டுப் படுத்து விட்டார். அந்தக் கால வைத்தியப்படி இரத்தம் எடுத்து விட உல்மனைக் கூப்பிட்டார்கள். எடுத்து முடிந்ததும், 'உயிலையும் எழுதிடுப்பா' என்றார் நோயாளி. இந்தப் பிள்ளைக்கு இது, அந்தப் பிள்ளைக்கு அது என்று சொல்லி வரும்போது, வீட்டிலிருந்த ஓர் இளம் அடிமையும் அந்தச் சொத்தில் ஒரு பங்காக வந்தது. உல்மன் எல்லாவற்றையும் எழுதினார். அந்த அடிமை விஷயத்தை மட்டும் விட்டு விட்டார். படுக்கைக்குப் பக்கத்தில் போய் எழுதியதைப் படித்துக் காட்டினார். 'ஒரு மனித உயிரை அடிமையாக்கும் எழுத்தை என்னால் எழுத முடியாது. எழுதியதற்கு எனக்குக் கூலி வேண்டாம். மீதியை எழுதச் சொல்லாதீர்கள்' என்றார். இருவரும் வெகு நேரம் பேசினார்கள். கடைசியில் அந்த மனிதர் அடிமையை விடுதலை செய்யச் சம்மதித்தார். அதன் பிறகு உல்மன் உயிலை எழுதி முடித்தார்.

சாகக் கிடக்கிற மனிதரிடம் போய் இப்படிப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றும். எனக்குத் தோன்றுவது வேறு. அவர் அந்த மனிதரைத் திட்டவில்லை. நரகத்தைக் காட்டி மிரட்டவும் இல்லை. 'நீ பாவி' என்று சொல்வது சுலபம். 'என் கையால் இது ஆகாது, அதற்கு வர வேண்டிய பணமும் எனக்கு வேண்டாம்' என்று சொல்வதுதான் கஷ்டம். வருமானத்தை முதலில் விட்டவன் சொல்லுக்குத் தனி எடை உண்டு.

பிற்பாடு உல்மன் சொந்தக் கடை வைத்தார். தையல் சாமான், அப்புறம் துணிமணி, அப்புறம் பலசரக்கு. வியாபாரம் வருடத்துக்கு வருடம் ஏறியது. நம்ம ஆளாக இருந்தால் பக்கத்து ஊரில் இன்னொரு கடை திறந்திருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? 1756-ல், முப்பத்தாறு வயதில், வியாபாரத்தைக் குறைக்க ஆரம்பித்தார். வாடிக்கைக்காரர்களைக் கூப்பிட்டு, 'நான் கடையைச் சுருக்கப் போகிறேன், வேறு எந்தக் கடைக்குப் போவது என்று இப்போதே யோசித்துக் கொள்ளுங்கள்' என்று சொல்லி விட்டார்! பிறகு தையல் வேலை செய்தார், உதவிக்குப் பையன்கூட வைத்துக் கொள்ளவில்லை. ஆப்பிள் தோட்டம் ஒன்று போட்டுக் கொத்திக் களையெடுத்தார். மனைவி சாரா, மகள் மேரி, அவ்வளவுதான் குடும்பம். அது போதும் என்றார். அந்த சாரா என்ன சொன்னார் என்பதைத் தம் குறிப்பில் அவர் எழுதவே இல்லை. நம்ம வீட்டு அக்காமார்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடையைச் சுருக்கியதற்கு அவர் சொன்ன காரணம் நமக்கு நன்றாகப் புரியும். ஏழை ஜனங்கள் பகட்டுச் சாமானைக் கடனுக்கு வாங்குகிறார்கள். கடன் ஏறுகிறது. கட்ட முடியவில்லை. வழக்கு வருகிறது. ஆகையால் கடைக்கு வருகிற ஏழையிடம், 'இது உனக்கு வேண்டாம், விலை குறைந்த, உழைக்கிற சாமானை வாங்கு' என்று இவரே சொல்வாராம். தோட்டத்துக் கடையில் பாக்கிப் புத்தகம் வைத்துக் காலம் தள்ளியவர்கள் நாம். சம்பளம் போட்ட அன்றைக்கே பாதி கடைக்குப் போய் விடும். மீதிப் பாதி எங்கே போயிற்று என்று சில வீடுகளில் தேட வேண்டியிருந்தது. 'இது உனக்கு வேண்டாம்' என்று சொன்ன கடைக்காரர் எத்தனை பேரைப் பார்த்தோம்?

1757-ல் தெற்கே மேரிலாந்து, வெர்ஜீனியா பக்கம் பயணம் போனார். அங்கே அடிமைகள் அதிகம். குவேக்கர் வழக்கப்படி, சபை வேலையாக வருகிறவருக்கு எந்த வீட்டிலும் சோறும் படுக்கையும் சும்மா கிடைக்கும். இதுதான் உல்மனுக்கு உறுத்தியது. சோறு ஆக்கியது அடிமை. குதிரைக்குப் புல் போட்டது அடிமை. அவன் உழைப்பைச் சும்மா சாப்பிட்டு விட்டு, 'அடிமை முறை தப்பு' என்று பேசினால் அது என்ன நியாயம்? ஆகவே புறப்படும்போதே சின்னச் சின்ன வெள்ளிக் காசுகளாக மாற்றி எடுத்துக் கொண்டார். தங்கிய வீட்டை விட்டுக் கிளம்பும்போது வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, 'உங்கள் வேலையாட்களுக்கு இதைக் கொடுங்கள்' என்பார். சில இடத்தில் தானே அவர்கள் கையில் கொடுப்பார். பணக்கார வீட்டில் போய் இப்படிக் காசை நீட்டுவது அவருக்கே கூச்சமாக இருந்ததாம். வாங்கியவர்களுக்கும் சங்கடம். இருந்தாலும் செய்தார். விருந்தாளியாகப் போன வீட்டில் அடுப்படியில் நிற்கிறவர் யார் என்று பார்க்கிற கண் எல்லாருக்கும் வாய்த்து விடாது.

அந்தப் பயணத்தில் ஒரு வாக்குவாதம். ஒருவர் சொல்கிறார்: 'பைபிளில் தம்பியைக் கொன்ற காயீன் இருக்கிறானே, அவன் வம்சம்தான் இந்தக் கறுப்பர்கள். கடவுள் அவனுக்குப் போட்ட அடையாளம்தான் இந்தக் கறுப்பு நிறம். அதனால் அவர்கள் அடிமையாக இருப்பது சரிதான்.' உல்மன் பதில் சொல்கிறார்: 'அதே பைபிளில் நோவா காலத்து வெள்ளம் வருகிறதே. நோவா குடும்பம் தவிர எல்லாரும் அழிந்து போனார்கள். நோவாவோ சேத்தின் வம்சம். அப்புறம் காயீன் வம்சம் எங்கே மிச்சம்?' வாதம் அத்தோடு முடியவில்லை, எதிராளி வேறு கதை தேடினார். பிறப்பை வைத்து ஒருவனைக் கீழே தள்ள நினைப்பவன் வேதத்திலிருந்தும் ஒரு கதையைப் பிடுங்கிக் கொண்டு வருவான். இது அமெரிக்காவில் மட்டும் நடந்ததா என்ன? ஒரே கப்பலில் வந்து, ஒரே லயத்தில் இருந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக் கொண்டே 'நீ என்ன ஆளு' என்று கேட்டவர்கள் நம்மிடமும் இருந்தார்கள்.

வயது ஏற ஏற உல்மனின் சோதனை நுணுக்கமாகிக் கொண்டே போனது. சீனி வேண்டாம் என்று விட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டம் முழுவதும் அடிமைகள் உழைப்பு. முன்பு அவர் கடையிலேயே சீனியும் சர்க்கரைப் பாகும் ரம்மும் விற்றதுண்டு. அதெல்லாம் யார் வியர்வை என்று அப்போது அவ்வளவாக யோசிக்கவில்லை என்று அவரே எழுதுகிறார். இந்தக் கரும்புக் கதைக்கு நம்மோடு ஒரு தொடர்பு உண்டு. ஆங்கில ஆட்சியில் 1834-ல் அடிமை முறை முடிந்ததும், கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடி இந்தியாவுக்குத்தான் வந்தார்கள். மொரீசியசுக்கும் மற்றத் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் போனார்கள். பினாங்குக்கு எதிரே புரோவின்ஸ் வெல்லஸ்லியில் கரும்பு வெட்டவும் தமிழர்கள்தான் வந்தார்கள். ரப்பர் அதற்குப் பிற்பாடு வந்தது. மலாயாவில் அந்த ஒப்பந்த முறை 1910-ல்தான் ஒழிந்தது.

சாயம் போட்ட துணியையும் விட்டார். சாயம் அழுக்கை மறைக்கிறது, துணியின் உழைப்பைக் கெடுக்கிறது, செலவும் வீண் என்றார். 1762-ல் சாயமில்லாத தொப்பி போட்டுக் கொண்டு ஜெபக் கூடத்துக்குப் போனார். சோதனையாக, வெள்ளைத் தொப்பி அப்போது நாகரிகக்காரர்களின் மோஸ்தர்! 'உல்மனும் மினுக்க ஆரம்பித்து விட்டார்' என்று சிலர் ஒதுங்கிப் போனார்கள். அவருக்கு அது வருத்தம்தான். தொப்பியை மட்டும் மாற்றவில்லை. இந்தத் துணி விஷயத்தில் அவர் கொஞ்சம் அளவு மீறிப் போனார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அடுத்தவர் தலையில் அவர் தொப்பியை மாட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

1770-ஐ ஒட்டி மார்புச் சளிக் காய்ச்சல் வந்து சாகும் தறுவாய்க்குப் போனார். தன் பெயரே மறந்து விட்டது. அப்போது ஒரு காட்சி கண்டதாக எழுதுகிறார். மங்கிய நிறத்தில் ஒரு திரள். உற்றுப் பார்த்தால் அத்தனையும் துன்பப்படுகிற மனிதர்கள். அவர்களில் ஒருவராகத் தானும் கலந்து போயிருக்கிறார். பிறகு ஒரு சுரங்கம். ஏழைகள் யாரோ கிறிஸ்துவர்கள் என்று சொல்லிக் கொள்பவர்களுக்காகச் செல்வத்தைத் தோண்டிக் கொண்டிருக்கிறார்கள். தோண்டுகிறவர்கள் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். 'எங்களை இப்படி வதைக்கச் சொன்னது கிறிஸ்து என்றால், அவர் பெரிய கொடுங்கோலர்தான்' என்று அவர்கள் சொல்வது காதில் விழுகிறது. உல்மனுக்கு உயிர் துடிக்கிறது; அவருக்கு அந்தப் பெயர் அவ்வளவு அருமையானது. திட்டுகிறவர்கள் மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. உழைக்கிறவன் சாமியைப் பார்த்தது யார் முகத்தில்? வேலை வாங்குகிறவன் முகத்தில்தானே. எழுந்த பிறகு வெள்ளிப் பாத்திரத்தில் குடிப்பதையும் விட்டு விட்டார்.

1772 மே மாதம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பணக்காரர்கள் போகும் அறையில் சித்திர வேலைப்பாடு அதிகம், அந்த ஆடம்பரத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, மாலுமிகள் படுக்கும் கீழ்த்தட்டிலேயே படுத்துக் கொண்டார். ஒரு மாதத்துக்கு மேல். ரஜூலா கப்பலில் டெக்கில் வந்த தாத்தா பாட்டி கதை கேட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். நனைந்த துணியோடு மாலுமிகள் காற்றில்லாத இடத்தில் முடங்குவதையும், சின்னப் பையன்கள் அங்கே கெட்டுப் போவதையும் குறித்து வைத்தார்.

இங்கிலாந்தில் குதிரை வண்டியில் ஏறவில்லை. ஒரு நாளைக்கு நூறு மைலுக்கு மேல் விரட்டி விரட்டிக் குதிரைகள் சாகின்றன, குருடாகின்றன. வண்டிப் பையன்கள் குளிரில் விறைத்துச் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டார். கடிதத்தைக்கூட அந்தத் தபாலில் போட வேண்டாம் என்று சபைக்காரர்களுக்குச் சொன்னார். ஊர் ஊராக நடந்தார். நடந்த வழியில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். விலைவாசி விசாரித்தார். கோதுமை ஒரு புஷல் சுமார் 8 ஷில்லிங். இலண்டனைச் சுற்றியுள்ள பகுதிகளில் கூலியாளுக்கு ஒரு நாளைக்கு 10 பென்ஸ், சாப்பாடு அவன் பொறுப்பு. ஒரு ஷில்லிங் 12 பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 கிலோ கோதுமைக்கு ஏறக்குறையப் பத்து நாள் கூலி! வீட்டு வாடகை வருடத்துக்கு 25 முதல் 40 ஷில்லிங் வரை, வாரா வாரம் கட்ட வேண்டும். நூல் நூற்கும் பெண்களுக்கு 4 பென்ஸிலிருந்து 10 பென்ஸ் வரை. நிறைய ஏழைகள் ரொட்டியும் தண்ணீருமாகக் காலம் தள்ளுகிறார்கள், பிள்ளைகளுக்கு எழுத்து வாசனையே இல்லை என்று எழுதினார். உலகத்தையே ஆண்ட வெள்ளைக்காரர் நாட்டில் கூலி வேலை செய்த வெள்ளைக்காரர் வீட்டு அடுப்பு அது.

யார்க் நகரை அடைந்ததும் பெரியம்மை கண்டது. 1772 அக்டோபர் 7-ஆம் தேதி இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அவர் குறிப்புகள் 1774-ல் பிலடெல்பியாவில் அச்சாயின.

அதற்கு முன்பே, 1758-ல், பிலடெல்பியா வட்டாரக் குவேக்கர்களின் வருடாந்திரக் கூட்டத்தில், அடிமை வைத்திருக்கும் அங்கத்தினர் வீடுகளுக்கு ஆள் அனுப்பிப் பேசுவது என்று முடிவானது. உல்மன் அதில் எழுந்து பேசியவர்களில் ஒருவர். வீடு வீடாகப் போனவர்களிலும் ஒருவர். 1776-ல் அதே சபை, அடிமை வைத்திருப்பவருக்கு இங்கே இடமில்லை என்று தீர்மானித்தது. அப்போது உல்மன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் சொந்த மண்ணான நியூஜெர்சியில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1804-ல்தான் வந்தது. அதுவும் அந்த வருடம் ஜூலை 4-ஆம் தேதிக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். அந்தப் பிள்ளைகளும் பெண் என்றால் 21 வயது வரை, ஆண் என்றால் 25 வயது வரை தாயின் முதலாளிக்கு உழைத்துக் கொடுத்த பிறகுதான் விடுதலை.